மோட்டர் பூட்டிய சைக்கிளும் கிறிஸ்துநாயகத்தின் செத்தவீடும்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
10.08.2025, ஞாயிறு

அன்பு மகள் ஜெசிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் பார்த்துக்கொண்டபடி இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், அப்பாவின் பிறஷர் போன கிழமை அளந்தபோது சரியாக இருந்தது, எனக்கு வழக்கமான முழங்கால் நோவைத் தவிர வேறொன்றும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று வெள்ளிக்கிழமை போனில் சொன்னாய், ஆனால் உன்னுடைய குரல் அப்படி இருக்கவில்லை. நீ அழுதபோது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது உனக்கு மனவருத்தமாக இருந்திருக்கும், அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார், போனும் ஸ்பீக்கரில் இருந்தது, அவருக்கு முன்னால் அவரைப்பற்றி என்ன சொல்வது. உன்னோடு கம்பசில் படித்த நிவேதனா புதன்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள், மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி, மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. அன்றைக்கு நீ மூன்று விஷயம் சொன்னாய். மோட்டரை வாங்கித் தந்தது நீ என்பதால் பிழை உன்னுடையது என்றாய். அதைக் கழற்றி எறியச் சொன்னாய். மூன்றாவதாக, அப்பா வேண்டுமென்றே கிறிஸ்துநாயகத்தின் பிரேதப்பெட்டியில் சைக்கிளை விட்டார் என்று பாரிஸ் பெரியம்மா சொல்கிறாவே, உண்மையா அம்மா என்று கேட்டாய். கேட்டது பிழையில்லை, நீ பார்த்தது பதினாலு செக்கன் வீடியோ, அதைப் பார்த்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நான் இருபத்தேழு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவள், கண்டதையும் ஆட்களிடம் கேட்டதையும் ஒழுங்காக எழுதுகிறேன், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

பகை உனக்குத் தெரிந்த கதை, மருமகனுக்கு விளங்கவேண்டும் என்பதால் சொல்கிறேன். கிறிஸ்துநாயகம் அடுத்த ஒழுங்கையில் மூன்றாவது வீடு, அப்பாவும் அவரும் பதினாலு வருடம் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள், பிறகு ஆளுக்கொரு வள்ளம் எடுத்தார்கள். 2016இல் ஒருநாள் விடியப்புறம் அப்பா புதிதாகப் போட்டிருந்த வலையின்மேல் யாரோ வள்ளத்தை ஏற்றி இஞ்சினால் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது கிறிஸ்துநாயகத்தின் வள்ளம் என்று அப்பா சொன்னார், தன்னுடையது இல்லை என்று அவர் சொன்னார். அப்பா நட்டஈடு கேட்கவில்லை, “பிழை என்ரை எண்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், வலை போனாப் போகட்டும்” என்றுதான் கடற்றொழிலாளர் சங்கத்தில் சொன்னார், அதற்கு அவர், “செய்யாத பிழையை நான் ஏன் காணும் ஒப்புக்கொள்ளவேணும்” என்று எழும்பிப் போனார். அவ்வளவுதான், ஒன்பது வருடம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. கோயிலில் ஒருவர் வலப்பக்கம் இருந்தால் மற்றவர் இடப்பக்கம். பங்குத்தந்தை இரண்டு தரம் சமாதானம் பேசிப்பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நானும் அவருடைய மனைவி ஜெயகௌரியும் இதில் பட்டுக்கொள்ளாமல் சந்தையில் கண்டால் கதைப்போம், அவர்களுடைய மகன் பிரகாஸ் என்னைக் கண்டால் மாமி என்பான், அப்பாவைக் கண்டால் குனிந்துகொண்டு போவான்.

இனி மோட்டர். நெஞ்சுக்கு வைத்தியம் செய்த டொக்டர் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கக்கூடாது என்று சொன்னதும், மண்டைதீவில் அப்பா நண்டுவலை போடுகிற இடத்துக்குப் பண்ணைப் பாலத்தால் போகும்போது சோளகக் காற்று முகத்தில் அடிக்கும் என்பதும் உனக்குத் தெரியும், அதனால்தானே வாங்கித் தந்தாய். பெட்டி வந்ததும் இங்கே திருநெல்வேலியில் பலாலி வீதியில் கடை வைத்திருக்கிற சிவகரனிடம் கொண்டுபோனோம், அவன் எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருடத்திலிருந்து இந்த வேலை செய்கிறவன், நல்ல பிள்ளை. பெட்டிக்குள் நடுவில் மோட்டர் வைத்த ஒரு முன்சில்லு, ஒரு பற்றரி, வயர்கள் போய்ச் சேருகிற ஒரு சின்னப் பெட்டி, மோட்டர் சைக்கிளில் இருப்பதுபோல முறுக்கினால் ஓடுகிற வலக்கைப் பிடி, வயர் வைத்த இரண்டு பிறேக் பிடிகள், இவ்வளவும் இருந்தன. அப்பாவின் சைக்கிள் கலியாணத்துக்கு முன்னம் வாங்கிய றலி, பிறேக் எல்லாம் கம்பியால் இழுக்கிற பழைய மாதிரி. புதுச் சில்லுக்கு முன் பிறேக் பொருந்தவில்லை, சிவகரன் அதைக் கழற்றி வைத்துவிட்டான், பின் பிறேக் மட்டும் இடக்கையில் மிஞ்சியது. அதையும் கழற்றிவிட்டு, பெட்டியோடு வந்த பிடிகளைப் பூட்டி, கேபிள் பிறேக் போடத்தான் அவன் நினைத்திருந்தான், “ஐயா, இந்தப் பிறேக்கைப் பிடிச்சவுடனை மோட்டர் தானாய் நிண்டிடும், பழசிலை அது நடக்காது” என்றான். அப்பா விடவில்லை. ஹாண்டிலின் வடிவு கெட்டுப்போகும் என்றார், நாற்பது வருடம் பிடித்த பிறேக் என்றார், கடைசியில், “தம்பி, நான் கடலிலை பிறேக் இல்லாமல் ஓடித் திரிஞ்சனான்” என்றார். சிவகரன் சிரித்துக்கொண்டு, “கடலிலை முன்னுக்கு ஆக்கள் நிக்கமாட்டினம் ஐயா” என்றான். பிறகு, அப்படியென்றால் இறங்குவதற்கு முன்னம் சாவித் திறப்பைத் திருப்பி மோட்டரை நிற்பாட்டவேண்டும், மறக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினான். அப்பா என்னைப் பார்த்து, “நீ என்ன சொல்லுறாய்” என்று கேட்டவர், நான், “உங்கடை சைக்கிள், உங்கடை விருப்பம்” என்றேன். அதையும் எழுதவேண்டும், எழுதுகிறேன்.

மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. முதல் நாள் மண்டைதீவில் இறங்கியபோது அங்கே நின்றவர்கள், “சம்மாட்டியார் வள்ளத்து இஞ்சினைக் கழட்டிச் சைக்கிளிலை பூட்டிப்போட்டார்” என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து அதை மூன்று தரம் சொன்னார். மூச்சு வாங்காமல் வந்தார், வந்ததும் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார், இரவில் நித்திரை கொண்டார். ஒரு விஷயத்தை மட்டும் எனக்குச் சொல்லவில்லை, இப்போதுதான் சொன்னார். கோயில் முகப்பு வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போவது அப்பாவின் வழக்கம், நீ சின்னப்பிள்ளையாகக் கரியரில் இருந்தபோதும் உன்னை இறக்கித்தான் கூட்டிக்கொண்டு போவார். அப்படி இறங்கி உருட்டும்போது திறப்பை நிற்பாட்ட மறந்து இரண்டு தரம் சைக்கிள் கையை உதறிக்கொண்டு இழுத்திருக்கிறது. வலக்கை பிடித்திருக்கிற இடமே முறுக்குகிற இடமும், நடந்துகொண்டு அதில் கொஞ்சம் பாரம் கொடுத்தால் மணிக்கட்டு இறங்கும், கைப்பிடி திரும்பும். சைக்கிளில் ஏறி இருப்பவனுக்கு இது வராது, இறங்கி மரியாதை செய்கிறவனுக்குத்தான் வரும். சிவகரனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வழி செய்திருப்பான். பழகினால் சரிவரும் என்று அப்பா விட்டுவிட்டார்.

கிறிஸ்துநாயகம் சிறுநீரக வருத்தத்தில் பன்னிரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன், வந்து அப்பாவிடம் சொன்னேன், ஒருக்கா எட்டிப்பாருங்கோ என்றும் சொன்னேன், “பாப்பம்” என்றார். ஜூலை 29ஆம் திகதி செவ்வாய்க்கிழமை ஆள் முடிந்தது, வியாழக்கிழமை பின்னேரம் அடக்கம். நான் காலையிலிருந்தே செத்தவீட்டில் நின்றேன். அப்பா அன்றைக்கும் மண்டைதீவுக்குப் போவதாகச் சொன்னார், நான் வற்புறுத்தவில்லை. மூன்றே முக்காலுக்குப் பெட்டியைத் தூக்கினார்கள், முன்னால் பாண்ட், பெட்டியின் பின் இடப்பக்க மூலையில் பிரகாஸ், பெண்கள் நாங்கள் ஒரு இருபது அடி பின்னால். கடற்கரை வீதிக்கு ஏறி, எதிர்ப்பக்கத்து ஒழுங்கை வாசலைப் பெட்டி தாண்டுகிற நேரம், அந்த ஒழுங்கைக்குள்ளால் அப்பா வந்தார். பெட்டியைக் கண்டதும் இறங்கினார். வலக்கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். பிறேக் இருந்தது அந்த இடக்கைப் பக்கத்தில். திறப்பு நிற்பாட்டியிருக்கவில்லை. பெட்டிக்குத் தலையைக் குனிந்தபோது உடம்பின் பாரம் வலக்கைக்குப் போயிருக்கவேண்டும், சைக்கிள் பாய்ந்தது. பயத்தில் ஆள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார், இறுக்க இறுக்க அது இன்னும் திரும்பியது. ஒழுங்கை வாசலிலிருந்து பெட்டி போன இடம் நாலு எட்டுத் தூரம்தான், நான் பிறகு போய் நடந்து பார்த்தேன். முன்சில்லு பிரகாசின் இடக்கெண்டைக்காலில் அடித்தது, அவன் முழங்காலில் இருந்துவிட்டான், பெட்டியின் பின் மூலை ஒரு சாண் சரிந்தது, மற்றவர்கள் தாங்கிப் பிடித்துவிட்டார்கள், மேலே இருந்த மலர்வளையம் மட்டும் விழுந்தது. பெட்டி நிலத்தில் படவில்லை, பெரியம்மா சொன்னதுபோல ஒன்றும் திறபடவும் இல்லை. அப்பா சைக்கிளோடு விழுந்தார். பாண்ட் நின்றுவிட்டது, கைப்பிடி நிலத்தில் நசிந்து முறுகிக் கிடந்ததால் சில்லு மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றியது, அதை எப்படி நிற்பாட்டுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, கடைசியில் எங்கள் முன்வீட்டுச் சுபாஸ் பற்றரி வயரைப் பிடுங்கினான். அந்த அமைதிக்குள்தான் பிரகாஸ், “செத்தும் விடமாட்டியளோ” என்று கத்தினான். வீடியோவில் நீ கேட்டது அது. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, துவாயை எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார், அந்தப் பேசாமைதான் ஊருக்குச் சாட்சியாகப் போய்விட்டது. நான் சேமக்காலை வரைக்கும் போய்ப் பூவும் மண்ணும் போட்டுவிட்டு வந்தேன், பாதியில் திரும்பியிருந்தால் அது இரண்டாவது பிழையாகியிருக்கும்.

அடக்கத்தை வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நேரலையில் விட்டார்கள், அது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதிலிருந்து யாரோ சைக்கிள் பாய்கிற இடத்தை மட்டும் வெட்டி, ஒன்பது வருடப் பகை என்று எழுதி வட்ஸ்அப்பில் விட்டார்கள், இருட்டுவதற்குள் பாரிசிலிருந்து பெரியம்மா எனக்குப் போன் எடுத்துவிட்டா. அதன்பிறகு அப்பா வெளியில் போகவில்லை. சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் சாத்தி, படங்குச் சீலையால் மூடிவிட்டார். மண்டைதீவில் வலையை யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. சவரம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து உள்ளே ஏறாமல் மதிலோடு நின்றார். போய்ச் சொல்லுங்கோ, வாய் திறந்து சொன்னால்தானே தெரியும் என்றேன், “சொன்னா ஆர் நம்பப்போகினம்” என்றார். அந்த ஞாயிறு இரவு போனில் நீ டிக்கெட் போடுகிறேன், இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று சொன்னதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் பிள்ளை. அந்த நேரம் அவர் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெயரோடு இந்த ஊரை விட்டுப் போனால் அவர் எங்கே போய் இருந்தும் ஒன்றுதான்.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். நாலாம் திகதி சிவகரனைக் கூட்டிக்கொண்டுவந்தேன், அவன் சைக்கிளை நிமிர்த்திப் பற்றரியைக் கொழுவி, கையில் பாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று காட்டினான், அவனையே கிணற்றடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. “நான் அண்டைக்குப் பிறேக்கைப் பூட்டாமல் அனுப்பியிருக்கக்கூடாது அம்மா, என்னிலையும் பிழைதான்” என்றான், சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியது. வீடியோ எடுத்த பெடியனிடம் போய் முழுப் படத்தையும் வாங்கினேன். அதில் அப்பா இறங்குவதும் துவாயை அவிழ்ப்பதும் தெளிவாக இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, ஆள் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். நண்டுவலைக்குப் போகிறவர் வெள்ளைச் சட்டை போடமாட்டார். அன்றைக்கு எங்கே வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டேன், போகிற வழி என்றார். மண்டைதீவுக்குப் போகிற வழி அது இல்லை. படத்தை எட்டாம் நாள் ஜெயகௌரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, “படம் போட்டு நியாயம் கேக்கிற வீடே அது, புருசனைக் குடுத்துப்போட்டு இருக்கிறாள்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தான் போவதாகச் சொன்னார், படம் வேண்டாம், நீ வந்தால் வா என்றார்.

செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் திகதி, இரண்டு பேரும் நடந்து போனோம். செபம் முடிந்து பந்தலுக்குள் இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் கதை நின்றது, ஒருவரும் இருங்கோ என்று சொல்லவில்லை. பிரகாஸ் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தான், எலும்பு முறியவில்லை, கன்றிப்போய் வீங்கியிருந்தது. அப்பா அவனுக்கு முன்னால் போய் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தம்பி, நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொல்ல வரேல்லை, அதை நம்பிறது உங்கடை விருப்பம். பிறேக்கைப் பூட்டுங்கோ எண்டு அந்தப் பெடியன் சொன்னவன், நான்தான் வேண்டாம் எண்டனான். இறங்க முதல் திறப்பை நிப்பாட்டச் சொன்னவன், நிப்பாட்டேல்லை. முதலும் ரெண்டு தரம் இழுத்தது, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிழை என்ரை.” பின்னால் இருந்த ஒருவர், “மரியரட்ணம் மோட்டரிலை பழியைப் போடுறார்” என்றார். அப்பா திரும்பி, “மோட்டரிலை பிழையில்லை, என்னிலைதான் எண்டு சொல்லுறன்” என்றார். அப்போது ஜெயகௌரி உள்ளுக்கிருந்து வாசலுக்கு வந்தா. அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. “உந்த ஒரு வார்த்தைக்குத்தானே அண்ணை நீங்கள் ஒன்பது வருஷம் காத்திருந்தனீங்கள்” என்றா. “இவர் சாகுமட்டும் உங்களிட்டைச் சொல்லேல்லை. ஆசுப்பத்திரியிலை எனக்குச் சொன்னவர். அண்டைக்கு வலையிலை ஏறினது எங்கடை வள்ளம்தான். மரியரட்ணம் வந்தால் சொல்லுவன் எண்டு ஒவ்வொரு பின்னேரமும் வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தவர்.” இருபது பேருக்கு முன்னால் சொன்னா. பிரகாசுக்கும் அது அதுவரை தெரியாது, தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா, “விடு பிள்ளை, இப்ப உந்தக் கதை ஏன்” என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். பிரகாஸ் எழும்பி, நொண்டிக்கொண்டு போய் ஒரு கதிரையை இழுத்துவந்து அப்பாவுக்குப் பின்னால் வைத்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அப்பா அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தார், சீனி கூட என்று எனக்குத் தெரியும், முழுவதையும் குடித்தார்.

திரும்பி வரும்போது அவர் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் நின்று, “ஆசுப்பத்திரிக்கு ஒருக்காப் போயிருக்கலாம்” என்றார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீற்றர் வராது. அதற்கு மோட்டர் தேவையில்லை.

இதுதான் நடந்தது. உன்னுடைய மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கித் தந்ததில் பிழையில்லை, பிறேக்கைப் பூட்டாமல் விட்டதில்தான் பிழை. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. மோட்டரைக் கழற்றவும் இல்லை, வெள்ளிக்கிழமை நீ போன் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னர்தான் சிவகரன் வந்து பழைய கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு வயர் வைத்த பிறேக் இரண்டையும் பூட்டிவிட்டுப் போனான், ஹாண்டில் பார்க்க வடிவில்லைத்தான், அப்பா அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நேற்றுச் சவரம் செய்துகொண்டு மண்டைதீவுக்குப் போனார். வலையில் பாதி பழுதாம், அதைச் சொல்லிப் புறுபுறுத்துக்கொண்டு வந்தார், எனக்கு அது போதும். 28ஆம் திகதி கிறிஸ்துநாயகத்தின் முப்பத்தோராம் நாள் பூசை, பிரகாஸ் நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது, “சைக்கிளிலை வாங்கோ மாமா, ஆனா என்னைக் கண்டால் இறங்கவேண்டாம், செய்த மரியாதை காணும்” என்றான், அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒஸ்லோவுக்கு வருகிற கதையை இப்போது எடுக்காதே, பேத்தியின் முதல்நன்மைப் பூசைக்கு வருகிறோம், வந்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

மிளகாய்த்தூளை வந்தவுடன் போத்தலில் போட்டு ஃபிரிட்ஜில் வை, போன தரம் வெளியில் வைத்துப் பழுதாக்கினாய். சின்னவளுக்குக் குளிர் தொடங்க முன்னம் காதை மூடுகிற தொப்பி ஒன்று வாங்கு. போன் எடுத்தால் அப்பாவிடம் முதலில் நண்டைப்பற்றிக் கேள், மோட்டரைப்பற்றி அவரே சொல்லுவார். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் உங்களை ஆசீர்வதிக்கச் சொன்னார், நான் எழுதுவது என்னவென்று அவர் கேட்கவில்லை.

ஒன்று மறக்காதே. பெரியம்மா அப்படிக் கதைத்தது பிழைதான், இனி அவவின் முகத்திலும் முழிக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னாய். இந்தக் கடிதம் வாசித்து முடிந்த கையோடு அவவுக்கு ஒரு போன் எடு. அவ எடுக்கட்டும் என்று இருக்காதே.

என்றும் உன்,
அம்மா
சிசிலியா மரியரட்ணம்